செய்தி பரவும்; துணிவு பரவுமா?



“பெரிய தலைவர் ஒருவர் வந்து பேசினால் போதும், ஊரே திரண்டுவிடும்” என்று நம்புகிறவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். இளைஞர்களோ வேறொரு மருந்து சொல்கிறார்கள். “வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவோம் அண்ணாச்சி, அரை மணி நேரத்தில் தூத்துக்குடி முதல் மணப்பாடு வரை போய்விடும்” என்கிறார்கள்.

போகிறது, மறுக்கவில்லை. ஆனால் போனது எது? செய்தி போனது. அதைப் படித்தவர்கள் எல்லோரும் மறுநாள் காலையில் ஆலை வாசலில் வந்து நின்றார்களா? ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலையை நிறுத்தினார்களா? ஏரல் பக்கத்து வாழைத் தோட்டத்தில் “கூலியைக் கூட்டினால்தான் தார் வெட்டுவோம்” என்று சொன்னார்களா? பல சமயம் இல்லை. “பார்த்தேன், நல்ல விஷயம்தான்” என்றார்கள். வழக்கம்போல் வேலைக்குப் போனார்கள்.

அவர்களைக் கோழைகள் என்று ஏசுவது சுலபம். அது சரியுமல்ல, பயனும் இல்லை. காரணம் ஆளிடம் மட்டும் இல்லை. ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பில் இருக்கிறது. அந்தத் தொடர்பின் வழியே எது ஓடுகிறது, எப்படி ஓடுகிறது என்பதில் இருக்கிறது. செய்தி பரவும் விதி வேறு. துணிவு பரவும் விதி வேறு. இந்த வேற்றுமையை விளங்கிக்கொள்ள நாம் தூரதேசம் போக வேண்டாம். திருச்செந்தூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தூத்துக்குடியில் 1908-ஆம் ஆண்டில் நடந்ததைப் பார்த்தாலே போதும்.

கோரல் மில்லின் ஒன்பது நாட்கள்

தூத்துக்குடி கோரல் மில் ஹார்வி என்ற வெள்ளைக்காரக் கம்பெனியின் நூற்பாலை. கூலி குறைவு, வேலை நேரமோ மிக அதிகம், வார விடுமுறை கிடையாது. 1908 பிப்ரவரி முழுவதும் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரையில் கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள். ரஷ்யாவில் 1905-இல் மக்கள் செய்த புரட்சியைப் பற்றிக்கூட சிவா பேசினார். பிப்ரவரி 27 அன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள்.

ஒன்பது நாட்கள் நின்றார்கள். சங்கம் என்ற சொல்லே நம் நாட்டு ஆலைகளுக்குச் சரியாக வந்து சேராத காலம் அது! சங்கச் சட்டம் இல்லை. தொழிலாளர் நல அதிகாரி இல்லை. ஊரார் பணமும் பண்டமும் திரட்டிக் கொடுத்தார்கள். மார்ச் 6-ஆம் தேதி நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை ஆகியவற்றுக்கு இணங்கியது. கல்கத்தாவில் அரவிந்தரின் ‘வந்தே மாதரம்’ பத்திரிகை தூத்துக்குடி வெற்றியைப் போற்றித் தலையங்கம் தீட்டியது.

“அது வ.உ.சி.யின் பேச்சு வன்மை” என்று சொல்லி முடித்துவிடலாமா? முடியாது. அதே பேச்சைக் கேட்ட வக்கீல்களும் வியாபாரிகளும் உண்டு. ஆலைத் தொழிலாளியிடம் மட்டும் அந்தப் பேச்சு வேலைநிறுத்தமாக மாறியது ஏன்? அவன் பேச்சைத் தனியாகக் கேட்கவில்லை. பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் ஆள், எதிர்வீட்டு ஆள், மைத்துனன் எல்லோரும் அதே மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். “நான் நின்றால் இன்னார் இன்னார் நிற்பார்கள்” என்று ஒவ்வொருவனுக்கும் கண்ணெதிரே தெரிந்தது. தலைவரின் சொல் நெருப்பு வைத்தது உண்மை. அது அணையாமல் நின்றது அடுத்தடுத்து இருந்த விறகினால்.

நூறு பேர் கணக்கு

இதைக் கணக்காகவே போட்டுக் காட்டியவர் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியல் அறிஞர். 1978-இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது.

நூறு பேர் கூடியிருக்கிறார்கள். ஒருவன் யார் வந்தாலும் வராவிட்டாலும் இறங்கிவிடுவான். இன்னொருவன் ஒருவர் இறங்கினால் தானும் இறங்குவான். மூன்றாமவனுக்கு இரண்டு பேர் முன்னே போக வேண்டும். நான்காமவனுக்கு மூன்று பேர். இப்படியே நூறாவது ஆளுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் வேண்டும். முதல்வன் இறங்குகிறான். அவனைப் பார்த்து அடுத்தவன். அவ்விருவரையும் பார்த்து மூன்றாமவன். கடைசியில் நூறு பேரும் இறங்கிவிடுகிறார்கள்.

இப்போது ஒரே ஓர் ஆளை மாற்றுங்கள். “ஒருவர் இறங்கினால் போதும்” என்றவனை எடுத்துவிட்டு, “இரண்டு பேர் இறங்கட்டும்” என்பவனை அங்கே நிறுத்துங்கள். முதல்வன் இறங்குகிறான். அவ்வளவுதான்! பின்னால் ஒருவரும் வரவில்லை. மறுநாள் பத்திரிகை முதல் ஊரைப் பற்றி “மக்கள் கொதித்தெழுந்தனர்” என்று எழுதும். இரண்டாவது ஊரைப் பற்றி “ஒரு பைத்தியக்காரன் கலகம் செய்தான்; மக்கள் அமைதி காத்தனர்” என்று எழுதும். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் ஒரே ஓர் ஆள்!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆலையிலோ வயலிலோ நிற்பவனுக்கு நூறு பேரும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவன் நம்புகிற நான்கு ஐந்து பேர்தான் தெரிகிறார்கள். அந்த நான்கில் இருவர் அசைந்தால்தான் அவன் அசைவான். ஆகவே ஊரில் எத்தனை பேர் கோபமாக இருக்கிறார்கள் என்பது மட்டும் கணக்கல்ல. கோபமாக இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பக்கத்தில் இருக்கிறார்களா, சிதறிக் கிடக்கிறார்களா என்பதே பெரிய கணக்கு.

காய்ச்சல் பரவ ஒருவர் தொட்டால் போதும். வதந்தி பரவ ஒரு வாய் போதும். வேலைநிறுத்தம் அப்படியல்ல. அதில் சேருகிறவன் அன்றைய கூலியைப் பணயம் வைக்கிறான். நாளைய வேலையைப் பணயம் வைக்கிறான். பிள்ளைகளின் கஞ்சியைப் பணயம் வைக்கிறான். ஒருவர் சொன்னார் என்பதற்காக அவன் இறங்க மாட்டான். இறங்காததுதான் அறிவு! இரண்டு மூன்று பக்கத்திலிருந்து தோள் வந்து சேர்ந்தால்தான் இறங்குவான்.

டேமன் சென்டோலா என்ற மற்றோர் ஆய்வாளர் இதைச் சோதித்தே பார்த்து 2010-இல் முடிவை வெளியிட்டார். சிலரை, நண்பர்களுக்கு நண்பர்கள் என்று நெருக்கமாகப் பின்னிய வலையில் சேர்த்தார். வேறு சிலரை, தூரத் தொடர்புகள் நிறைந்த சிதறிய வலையில் சேர்த்தார். ஒரு புதிய பழக்கத்தை இரண்டிலும் விட்டார். சிதறிய வலையில் சேதி வெகுதூரம் பாயும் என்பது எல்லோருடைய எண்ணம். ஆனால் பழக்கத்தை ஏற்றுக்கொண்டவர்கள் நெருங்கிய வலையில் நூற்றுக்கு 54 பேர். சிதறிய வலையில் 38 பேர்தான். ஒரே சேதியை இரண்டு மூன்று அண்டைக்காரர்களிடமிருந்து கேட்டதுதான் காரணம்.

மார்ச் 13: கைது செய்தும் நிற்காத வேலைநிறுத்தம்

தூத்துக்குடிக்குத் திரும்புவோம். விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடியதற்குப் பிறகு, 1908 மார்ச் 12-இல் வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரையும் திருநெல்வேலியில் சர்க்கார் கைது செய்தது. அதிகாரிகளின் கணக்கு எளிது: தலையை வெட்டினால் உடல் விழும்.

விழவில்லை. மறுநாள் மார்ச் 13-இல் திருநெல்வேலி கொதித்தது. நகரசபை அலுவலகம், தபால் நிலையம், போலீஸ் ஸ்டேஷன் ஆகியவை தாக்கப்பட்டன; மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் மாண்டார்கள். தூத்துக்குடியில் கடைகள் மூடின. ஒரு வாரத்துக்கு முன்புதான் வெற்றி பெற்று வேலைக்குத் திரும்பிய கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வெளியே வந்தார்கள். இந்தத் தடவை கூலிக்காக அல்ல! நகரசபைத் துப்புரவுத் தொழிலாளர்கள் நின்றார்கள். குதிரைவண்டிக்காரர்கள் நின்றார்கள். சவரத் தொழிலாளர்கள் நின்றார்கள். வெள்ளைக்காரர் பக்கம் பேசிய ஒரு வக்கீலுக்குப் பாதிச் சவரத்தில் கத்தியை மடக்கிக்கொண்டு ஒரு சவரத் தொழிலாளி எழுந்து போய்விட்டார் என்ற கதை அந்த நாட்களைப் பற்றி இன்றும் சொல்லப்படுகிறது.

திலகரைச் சிறையில் அடைத்ததற்காகப் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தது அதே ஆண்டு ஜூலையில். அதைப் போற்றி லெனின் எழுதியதால் உலகம் அதை அறியும். அதற்கு நான்கு மாதம் முன்பே தூத்துக்குடித் தொழிலாளி அரசியல் வேலைநிறுத்தம் செய்துவிட்டான்!

இது எப்படி நடந்தது? அன்று இந்தத் தொழில்களுக்கெல்லாம் பொதுவான ஒரு கமிட்டி கிடையாது. மேலிருந்து உத்தரவு போட ஒருவரும் வெளியில் இல்லை. ஆனால் ஆலைத் தொழிலாளிக்குச் சவரம் செய்தவர் அதே ஊர்க்காரர். ஆலைக்காரன் ஒன்பது நாள் கஞ்சிக்குத் திண்டாடியபோது கைகொடுத்தவர்கள் கடைத்தெருக்காரர்கள். ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் இடையே ஒற்றை நூல் இல்லை. பல நூல்கள் ஓடின. பிப்ரவரியில் சேர்ந்து பட்டினி கிடந்ததும், மார்ச் 6-இல் சேர்ந்து வென்றதும் அந்த நூல்களை முறுக்கேற்றின. தொடர்பு என்பது ஒருநாள் கட்டி வைத்த வேலியல்ல. போராடப் போராட அது இறுகுகிறது. சும்மா கிடந்தால் இற்றுப்போகிறது.

கப்பல் கம்பெனிக்கு நேர்ந்தது

இதே ஊரில், இதே தலைவரின் முயற்சியில் நடந்த இன்னொன்றைப் பாருங்கள். சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வ.உ.சி. ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தார். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். கப்பல்கள் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், இனாமாகவே ஏற்றிச் செல்வதாகச் சொல்லிப் பார்த்தது. அப்போதும் கம்பெனி தாக்குப்பிடித்தது.

ஆனால் வ.உ.சி. சிறைக்குப் போனபின் கம்பெனி தள்ளாடியது. 1911-இல் அதைக் கலைத்தார்கள். கொடுமையான போட்டியும் சர்க்கார் மிரட்டலும் காரணங்கள்தான். அவற்றோடு இன்னொரு காரணத்தையும் நான் சேர்க்கிறேன். பங்குதாரர்கள் பல ஊர்களில் சிதறி இருந்தார்கள். ஒவ்வொருவரையும் இழுத்து வந்த கயிறு வ.உ.சி.யின் கையில் இருந்தது. ஒரு பங்குதாரருக்கும் அடுத்த பங்குதாரருக்கும் இடையே கயிறு இல்லை. நடுமுடிச்சை எதிரி அறுத்தபோது வலை முழுவதும் அவிழ்ந்தது. அச்சம் ஒவ்வொருவரையும் தனித்தனியே பிடித்தது.

ஒரே ஊர், ஒரே தலைவர், ஒரே கைது. ஆலையில் வேலைநிறுத்தம் எழுந்தது, கம்பெனி சாய்ந்தது. வ.உ.சி.யின் தியாகத்தில் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இரட்டை ஆயுள் தண்டனையைத் தலையில் ஏற்றவர் அவர். குறை ஒரு மனிதனின் தோளில் எல்லாப் பாரத்தையும் தொங்கவிட்ட அமைப்பில் இருக்கிறது.

விஞ்ஞானிகளும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பாருக் பார்செலும் அவருடைய கூட்டாளிகளும் 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பெரும் வலைகளில் ஓர் அசைவு எப்படிப் பரவுகிறது என்று கணக்கிட்டது. நிறையத் தொடர்பு உள்ள பெரிய முடிச்சு எப்போதும் வேகத்தைக் கூட்டும் என்பதில்லை. நோய் பரவுவது போன்ற இயக்கத்தில் அது கூட்டுகிறது. வேறு சில இயக்கங்களில் அதே முடிச்சு தாமதப்படுத்துகிறது. வலையின் உருவத்தை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. அதில் ஓடுவது எவ்விதமாக ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நம் அனுபவத்திலும் இது உண்டு. நூறு பேருக்கு நடுவில் இருப்பவர் நூறு பக்கத்தையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. “இந்தத் தெரு தயார், அந்தத் தெரு தயாரில்லை, முடிவு மேலிருந்து வரட்டும்” என்று அவர் காத்திருக்கிறார். அவருக்காக நூறு பேரும் காத்திருக்கிறார்கள். செய்தியை வேகமாகக் கொண்டுபோகும் அதே மனிதர் துணிவைத் தடுத்து நிறுத்தும் மடையாகிவிடுகிறார். அவர் கெட்டவர் என்பதால் அல்ல. அவர் நிற்கும் இடம் அப்படி.

வயலில் இது செல்லுமா?

“ஆலையில் ஆயிரம் பேர் ஒரே கூரையின் கீழ் நிற்கிறார்கள். நாங்கள் வரப்புக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கிறோமே?” என்று விவசாயத் தொழிலாளித் தோழர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. பதில் கீழத்தஞ்சையில் இருக்கிறது.

1943-இல் மன்னார்குடிப் பக்கத்துத் தென்பரையில் பண்ணையாட்கள் சங்கம் கண்டார்கள். அவர்களோடு பி. சீனிவாசராவ் இருந்தார். கன்னட நாட்டிலிருந்து வந்தவர். அந்த ஊர்களில் அவருக்கு உறவும் இல்லை, சாதியும் இல்லை. அவர் சேரியிலேயே தங்கினார், சேரியிலேயே உண்டார். ஒரு சேரி நிமிர்ந்தது. அந்தச் சேரியில் பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள் பக்கத்து ஊர்ச் சேரிகளில் இருந்தார்கள். கொடி ஏறிய சேரிகள் பெருகின. 1944-இல் மன்னார்குடி ஒப்பந்தம் ஏற்பட்டது. சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்த மிராசுதார்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தந்தியும் டெலிபோனும் அந்தச் சேரிகளுக்கு இல்லை. ஆனால் சேரிக்குள்ளே ஒவ்வொரு குடிசைக்கும் நாலு பக்கமும் தோள் இருந்தது; சேரிக்கும் சேரிக்கும் இடையே உறவு இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

2018 சொல்வதென்ன?

நம் காலத்திலேயே நம் மாவட்டம் இதைக் கண்டது. ஸ்டெர்லைட் ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து 2018 பிப்ரவரியில் குமரெட்டியாபுரம் கிராம மக்கள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். முதலில் ஒரு கிராமம். பிறகு பக்கத்துக் கிராமங்கள். மார்ச் 24-இல் கடைகளை அடைத்துவிட்டுத் தூத்துக்குடி நகரமே கூடியது. வியாபாரி, மீனவர், மாணவர், வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். நூறாவது நாளான மே 22-இல் கலெக்டர் அலுவலகம் நோக்கி நடந்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. பதின்மூன்று பேர் உயிரிழந்தார்கள். மே 28-இல் ஆலையை மூட அரசு உத்தரவிட்டது. ஆலை முதலாளிகளின் மேல்முறையீட்டை 2024 பிப்ரவரி 29-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் அதிகாரிகள் செய்த முதல் காரியங்களில் ஒன்று என்ன? தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தைத் துண்டித்தார்கள். 1908-இல் தலைவர்களை வெட்டினார்கள். 2018-இல் கம்பியை வெட்டினார்கள். எதை அறுக்க வேண்டும் என்று ஆள்வோர் எப்போதும் யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள். எதைக் கட்ட வேண்டும் என்று நாம் யோசிக்க வேண்டாமா? செல்போனை மட்டும் நம்பிய தொடர்பு ஓர் உத்தரவில் போய்விடும். தெருவில் நூறு நாள் சேர்ந்து உட்கார்ந்ததில் விளைந்த தொடர்பு எந்த உத்தரவிலும் போகாது.

என்ன செய்யலாம்?

முதலாவது, பத்து ஊரில் பத்து ஆளைச் சேர்த்துவிட்டு “பத்து ஊரில் சங்கம் இருக்கிறது” என்று பெருமைப்பட வேண்டாம். பத்து ஊரிலும் அந்த ஆள் தனியாள். அவனுக்குப் பக்கத்தில் தோள் இல்லை. முதலில் இரண்டு ஊரில் ஐந்தைந்து பேர் இருக்கட்டும். அவர்கள் அண்டை வீட்டுக்காரர்களாக, ஒரே களத்தில் வேலை செய்பவர்களாக இருப்பது நல்லது. அங்கிருந்து மூன்றாவது ஊருக்குப் போகலாம்.

இரண்டாவது, ஆலைக்கும் உப்பளத்துக்கும், உப்பளத்துக்கும் வயலுக்கும், வயலுக்கும் கடற்கரைக்கும் ஒற்றைப் பாலம் போதாது. நம் பக்கத்தில் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரே ஒரு தோழர்தான் நிற்கிறார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் தொடர்பு போயிற்று! அவரை முதலாளி விலைக்கு வாங்கினாலோ, எல்லாமே போயிற்று. மூன்று பேர், நான்கு பேர் இருபுறமும் போக வர வேண்டும்.

மூன்றாவது, சாதிச் சுவர். இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஒரே உப்பளத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று உப்பு வாருகிறவர்கள் மாலையில் வெவ்வேறு தெருவுக்குப் போகிறார்கள். அடுத்தவன் வீட்டுத் துக்கத்துக்குப் போவதில்லை. அந்தத் தெருவில் எழுந்த துணிவு இந்தத் தெருவுக்கு வராமல் நடுவிலேயே நின்றுவிடுகிறது. முதலாளி கட்டாமலே அவனுக்குக் கிடைத்த மதில் இது. வீட்டு விசேஷத்துக்கும் துக்கத்துக்கும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகத் தொடங்குவதும் சங்க வேலைதான்.

நான்காவது, முடிவெடுக்கும் பழக்கம் கிளைக்கு வர வேண்டும். தலைவர் இல்லாத நாளில் என்ன செய்வது என்பதை, தலைவர் இருக்கும் நாளிலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

இவற்றில் எதுவும் மேடை போட்டுச் செய்கிற காரியமல்ல. பத்திரிகையில் படம் வராது. அடுத்த கிளைக் கூட்டத்தில் ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உறுப்பினரும், தான் வேலையை நிறுத்தினால் தன்னோடு கட்டாயம் நிற்பவர்கள் என்று தெரிந்த பெயர்களைச் சொல்லட்டும். மூன்று பெயர் சொல்ல முடிந்தவர்கள் எத்தனை பேர், ஒரு பெயர்கூடச் சொல்ல முடியாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒரு பெயரும் சொல்ல முடியாத தோழரின் வீட்டுக்கு அந்த வாரமே இரண்டு பேர் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். கூலி உயர்வுக் கோரிக்கையை அதற்குப் பிறகு எழுதலாம்.